ஒரே ஒரு கறுப்பு மட்டை

என் மேசையின் கடைசி லாச்சியில் ஒரு கறுப்பு மட்டை கிடக்கிறது. படத்தை உள்ளே வைத்துக் கொடுப்பதற்கான தடித்த மட்டை. நடுவில் படம் தெரிவதற்காக வெட்டிய இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. அந்தப் படத்தைப் பிடித்தவனும் நான்தான், பல வருடங்களுக்குப் பிறகு அதைக் கழற்றி எடுத்தவனும் நான்தான். கீழ் ஓரத்தில் சிலுவை பொறித்த ஒரு பள்ளிக்கூடச் சின்னமும், ஒரு பெயரும், ஒரு தேதியும் வெள்ளி எழுத்தில் மின்னுகின்றன. இடது மூலையில் மெழுகு சிந்தி உறைந்த ஒரு பொட்டு. நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். அது என்னிடம் வந்து மூன்று வருடமாகிறது, இன்னும் சுரண்டவில்லை. மட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய இரண்டு வரிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்வதற்கு முன் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நான் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்திமூன்று வயது. கமராவைக் கையால் தொட்டறியாதவன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு படக்கடையில் தரை துடைக்கப் போய், அப்படியே இருட்டறைக்குள் புகுந்து, சில வருடங்களில் விளக்குப் பிடிக்கிறவனாகவும் பிறகு படம் பிடிக்கிறவனாகவும் ஆகிவிட்டேன். கடைக்காரர் வயதான ஜேர்மன்காரர். தொழில் பரீட்சை தேறிக் கடை நடத்துகிறவரை இந்த நாட்டில் மைஸ்டர் என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் நகரத்துக் கத்தோலிக்க ஆண்கள் பள்ளிக்கூடத்தில் அபிட்டூர் முடித்த பெடியன்களைப் படம் பிடிக்கும் வேலை எங்களுக்கு வரும். அபிட்டூர்தான் இங்கே பள்ளிப் படிப்பின் கடைசிப் பரீட்சை. அதில் தேறினால்தான் பல்கலைக்கழக வாசல் திறக்கும்.

பள்ளி மண்டபத்தின் ஒரு மூலையில் சாம்பல் திரையைத் தொங்கவிட்டு, ஒரு கதிரையும் இரண்டு விளக்குகளும் வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருப்போம். பெடியன்கள் வரிசையாக வருவார்கள். அப்பாவின் கோட்டு, அண்ணனின் டை, சவரம் செய்த காயத்தில் ஒட்டிய கடதாசித் துண்டு, காலில் மட்டும் ஓட்டப்பந்தயச் சப்பாத்து. படத்தில் கால் வராது என்று அவர்களுக்குத் தெரியும். கோட்டு பெருத்திருந்தால் முதுகுப் பக்கத்தில் உடுப்புக் காயப்போடும் மரக் கவ்விகளை மாட்டி இறுக்கிவிடுவது என் வேலை. முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். கவ்விகளைக் கழற்ற மறந்து எழுந்து போய் நண்பர்களிடம் அகப்பட்டு அவமானப்பட்டவர்களும் உண்டு. அந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒரு கணம் இருந்தது. கதிரையில் உட்கார்ந்து நாடியை நிமிர்த்தியதும், அதுவரை அடித்த பகிடியெல்லாம் அடங்கி, அந்த முகம் தனியாக நிற்கும். தாய்மாருக்கு அந்த முகம்தான் வேண்டும் என்று மைஸ்டர் சொல்வார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அந்த வரிசையில் முதல் தடவையாக ஒரு தமிழ்ப் பெடியன் நின்றான். அண்ணையின் மகன். அண்ணை யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கர். இங்கே ஒரு வைத்தியசாலையின் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் மத்தியானம் கடந்து வருவார். அதற்கு முன்னும் பின்னும் அவருக்கு இருந்த ஒரே வேலை மகனை வளர்ப்பது. எண்பத்துமூன்றின் கடைசியில், ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கு பேர்லின் வழியாக வந்தவர். மனைவி ஊரிலேயே நின்றுவிட்டார். படுக்கையில் கிடந்த தகப்பனை விட்டுவிட்டு வர அவரால் முடியவில்லை, பின்னால் வருகிறேன் என்றாராம். பிறகு விசாவும் சண்டையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வழியை மறித்தன. நான் ஒருநாளும் நேரில் காணாத அந்த அக்காதான் பிள்ளையை அனுப்பியவர் என்பதை அண்ணை எங்களுக்கு அடிக்கடி சொல்வார். "எனக்கு விருப்பமில்லைத் தம்பி. தாயையும் பிள்ளையையும் பிரிக்கிறது பாவமெல்லோ. அவதான் சொன்னவ, இவன் இஞ்சை வளந்தா உயிரோடை வளரமாட்டான், கொண்டு போங்கோ எண்டு." அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அக்காவுக்குக் கிடைத்தது சில கடிதங்களும், பனியில் நிற்கும் ஒரு சின்னப் பையனின் மங்கிய படங்களும்தான்.

அன்று அண்ணை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மகனின் வெள்ளைச் சேட்டைத் தானே கஞ்சி போட்டு அழுத்தி, தொங்கவிடும் கம்பியோடு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, டிராமில் ஏறினால் கசங்கிவிடும் என்று பள்ளிக்கூடம் வரை நடந்தே வந்தாராம். மற்றப் பெடியன்களுக்குத் தகப்பன்மார் யாரும் வரவில்லை. மகனுக்கு வெட்கமாக இருந்தது, பார்த்தாலே தெரிந்தது. அண்ணைக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. நான்கு கவ்விகளை மாட்டிக் கதிரையில் இருத்தினேன். அவன் பல்லைக் காட்டி அழகாகச் சிரிக்கிற பிள்ளை. ஆனால் விளக்குக்குப் பின்னால் இருந்து அண்ணை, "சிரியாதை, வடிவா இரு. அம்மா பாக்கிற படம்" என்றார். அவன் உதட்டை மூடிக்கொண்டான். அந்த முகத்தைத்தான் நான் பிடித்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி பெரிய படம் என்றால் சிரிக்கக் கூடாது. அந்த நேரத்தில் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பிழை அடுத்த கிழமை நடந்தது. அந்தப் பிழை என்னுடையது. எல்லாப் பெடியன்களுக்கும் வெள்ளை மட்டையில்தான் படம் போட்டோம். கீழே பள்ளிச் சின்னம், பெயர், சான்றிதழ் கொடுத்த தேதி. இந்தப் பெடியனின் படத்தை வெள்ளை மட்டைக்குள் வைத்துப் பார்த்தால், சுற்றியுள்ள வெள்ளைக்கு முன்னால் அவன் முகம் இன்னும் கறுத்து மங்கித் தெரிந்தது. கடையில் வேறொரு வேலைக்காக வாங்கிய கறுப்பு மட்டை ஒன்று மிச்சமாக இருந்தது. அதற்குள் வைத்தேன். முகம் பளிச்சென்று எழும்பி வந்தது. கறுப்புக்கு நடுவில் எந்த முகமும் ஒரு படி வெளுத்துத் தெரியும், அது தொழில் அறிந்தவனுக்குத் தெரிந்த சின்னத் தந்திரம். எங்கள் பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் மங்கக்கூடாது, தாய் பார்க்கும்போது கொஞ்சம் நிறமாகத் தெரியட்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான் காரணம். மைஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். கறுப்பா என்று கேட்டார். பிறகு, உன் ஆட்களுக்கு எது பிடிக்கும் என்று உனக்குத்தானே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அண்ணையும் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "ராசா மாதிரி இருக்கிறான்" என்றார். அந்த மூடிய உதட்டையும், கறுப்புக் கரையையும், சிலுவையையும், பெயரையும், தேதியையும் அவரும் பார்த்தார். பன்னிரண்டு வருடம் இங்கே இருந்துவிட்ட இரண்டு பேர் அதில் ஒரு வெற்றியைத் தவிர வேறெதையும் காணவில்லை.

அப்போது யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்காகப் போவதில்லை. கடிதம் கொழும்பில் கிடந்து, கப்பல் போகும்போது போகும், போகாமலும் விடும். அதனால் முக்கியமான சாமானை ஊருக்குப் போகிறவர்களின் கையில் கொடுத்துவிடுவோம். அந்தக் கோடையில் அண்ணைக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கொழும்பு வரை போனது. அங்கிருந்து யாழ்ப்பாணம் போகும் ஆளிடம் கொடுத்துவிடலாம் என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னார்கள். "படம் எண்டால் கொண்டு போறம் அண்ணை. கடிதம் ஒண்டும் உள்ளுக்கை வையாதேங்கோ. சோதனையிலை எழுத்தைக் கண்டால் கரைச்சல்." அண்ணை அதற்கும் ஒரு ஒழுங்கு செய்தார். பிள்ளை பாஸ் பண்ணிவிட்டான், படம் வருகிறது என்று ஒரு கடிதம் எழுதி முன்னதாகவே தபாலில் போட்டார். கடிதம் முதலில் போய்ச் சேரும், படம் பின்னால் வரும் என்று கணக்குப் போட்டார். படம் போனது. கடிதம் போகவில்லை.

செப்டெம்பரில் ஒருநாள் காலை, கடை திறந்து சற்று நேரத்தில் அண்ணை வந்தார். வேலைக்குப் போகும் நீல உடுப்போடு வந்திருந்தார், ஆனால் வேலைக்குப் போகவில்லை. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த ஒரு ஆள் தொலைபேசியில் கூப்பிட்டாராம். மகனுக்கு என்ன நடந்தது என்று கேட்டாராம். படத்தைக் கண்டதும் அக்கா நிலத்தில் விழுந்துவிட்டார் என்றும், சொந்தக்காரர் கூடி ஒப்பாரி வைத்தார்கள் என்றும், எழுதுவதற்குக் கை வராமல் தகப்பன் படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார் என்று பங்குக் கோவிலடியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள் என்றும், கோவிலில் பிள்ளைக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள் என்றும் அந்த ஆள் சொல்லியிருக்கிறார். பிள்ளை உயிரோடுதான் இருக்கிறான் என்று அண்ணை கத்தியிருக்கிறார், ஆனால் அந்த ஆள் திரும்பி ஊருக்குப் போகிறவர் இல்லை, ஊரில் தொலைபேசியும் இல்லை. எங்கள் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் ஒருவர் இறந்தால் நினைவுக்கென்று ஒரு அட்டை அச்சடிப்பார்கள். கறுப்புக் கரை, நடுவில் படம், கீழே சிலுவை, பெயர், இறந்த தேதி. நான் என் கையாலேயே வெட்டி ஒட்டிச் செய்து கொடுத்தது அதைத்தான்.

மட்டையைத் தெரிந்தெடுத்தது நான்தான் என்று சொன்னேன். நிறத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. அண்ணை என்னை ஏசவில்லை. தோளில் கையை வைத்தார். "நீ சைவம், உனக்கு என்னண்டு தெரியும்? நான் வேதக்காரன். எனக்கெல்லோ தெரிஞ்சிருக்கவேணும்" என்றார். அந்த ஒரு வசனத்தில் என் பங்கையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "பிள்ளை உயிரோடை இருக்கிறான் எண்டு அவவுக்குக் காட்டவேணும். எழுத்து இல்லாமல் எப்பிடிக் காட்டுறது?"

இரண்டாவது படம் அப்படித்தான் வந்தது. அன்று பின்னேரமே மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் பல்கலைக்கழகத்தில் சேர இருந்த நேரம். அங்கே ஒரு அன்ட்ராக்குக்கு, அதாவது விண்ணப்பத்துக்கு, படம் வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருந்தார். இந்த நாட்டில் எதற்கும் விண்ணப்பம் எழுதிப் பழகிய பிள்ளை அதை நம்பிவிட்டான். அன்றைய பத்திரிகையை அவன் கையில் கொடுத்து, தேதி தெரியும்படி நெஞ்சுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். பத்திரிகை பிடிச்சுக்கொண்டு எந்த அன்ட்ராக்குக்குப் படம் கேட்கிறார்கள் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். பல்லெல்லாம் தெரிய, கண் சுருங்க, கழுத்துப் பொத்தான் திறந்திருக்க, அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒரு உயிருள்ள படம் பிடித்ததில்லை. இந்தத் தடவை அண்ணை சிரியாதை என்று சொல்லவில்லை. விளக்குக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகனிடம் நாங்கள் இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை. தாய் தன்னைச் செத்துப்போனதாக அழுதுகொண்டிருக்கிறார் என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

படத்தைக் கழுவிக் காயவைத்து, வெள்ளை மட்டையில் வைத்து, உறைக்குள் போட்டேன். வழியில் யாரும் திறந்து குழப்பக்கூடாது என்று கடையின் மண்ணிறப் பட்டியால் ஒட்டி, ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே என் கையெழுத்தையும் போட்டேன். விடுமுறைக்கு வந்துவிட்டு மன்னாருக்குத் திரும்பிப் போகவிருந்த ஒரு கத்தோலிக்கச் சுவாமி அதைக் கொண்டுபோவதாகச் சொன்னார். அவர் ஊர் போய்ச் சேர்ந்த சில நாட்களில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. தெருத் தெருவாகச் சனம் மூட்டைகளோடு வெளியேறியதை இங்கே வானொலியில் கேட்டோம், யார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அண்ணை வேலை முடிந்து கடைக்கு வந்து ஐந்து நிமிடம் நிற்பார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலையை ஆட்டுவார். இன்னும் செய்தி இல்லை என்று அர்த்தம். பிறகு போய்விடுவார். அந்த உறை அக்காவின் கைக்குப் போகவேண்டும் என்பதைத் தவிர அந்த மாதங்களில் எனக்கு வேறு பிரார்த்தனை இருக்கவில்லை. கோவிலுக்குப் போகாதவன் நான். அப்போது போனேன்.

மாசி கடைசியில் செய்தி வந்தது. அக்கா வன்னியில் ஒரு முகாமில் மலேரியாவில் இறந்துவிட்டார். செத்தவீடு நடத்த இங்கே உடல் இல்லை, ஒரு பூசை மட்டும் வைத்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, உன்ரை படம் கிடைச்சதாம். சுவாமி கொண்டுபோய்க் கையிலை குடுத்தவராம். அவ பாத்தவவாம், பேப்பரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதைப் பாத்துச் சிரிச்சவவாம். பெடியனுக்கு என்ரை அப்புவின்ரை பல் எண்டு சொன்னவவாம். தெரிஞ்சுதான் போனவ. நீ யோசியாதை." நான் அந்த இடத்திலேயே, ஆட்கள் பார்க்க, அழுதேன். அக்காவுக்காக அழுதேன் என்று சொன்னால் பொய். நான் தப்பிவிட்டேன் என்ற நிம்மதியில் அழுதேன்.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நான் நன்றாகத்தான் வாழ்ந்தேன். மைஸ்டர் போய்ச் சேர்ந்தார், கடை என் கைக்கு வந்தது. இப்போது கடவுச்சீட்டுப் படங்கள்தான் அதிகம். அண்ணை ஓய்வு எடுத்தார். மகன் பொறியியலாளன் ஆகி, கலியாணம் செய்து, பக்கத்து நகரத்தில் வீடு வாங்கினான். எங்காவது கண்டால் அண்ணை என்னிடம் பழைய கதையை எடுக்கமாட்டார். நான் எப்போதாவது எடுத்தால், "அவ தெரிஞ்சுதானே போனவ" என்று முடித்துவிடுவார். மனது பாரமான நாட்களில் அப்புவின் பல், தன் தகப்பனின் பல் என்ற அந்த வார்த்தையை நினைத்துக்கொள்வேன். ஒரு தாய்தான் அப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றும். அதை நம்புவதற்கு எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அண்ணை காலமானார். அடக்கம் முடிந்து இரண்டு கிழமை கழித்து மகன் கடைக்கு வந்தான். முன்நெற்றியில் மயிர் கொட்டிய, கண்ணாடி போட்ட மனிதன். கையில் ஒரு பை. "மாமா, அப்பாவின்ரை சூட்கேசிலை இது இருந்தது. நீங்கள் பிடிச்ச படமெல்லோ" என்று கறுப்பு மட்டையை மேசையில் வைத்தான். சின்னம்மா, அதாவது தாயின் தங்கச்சி, இடம்பெயரும்போது அதைப் பொலித்தீனில் சுற்றிக் கடலேரி தாண்டிக் கொண்டுபோய் வைத்திருந்து, பாதை திறந்தபோது அனுப்பியிருக்கிறார். அப்பா தன்னிடம் காட்டவேயில்லை என்றான். மெழுகுப் பொட்டைத் தொட்டுக் காட்டினான். "அம்மா எனக்காக மெழுகுதிரி கொளுத்திச் செபிச்சிருக்கிறா, பாருங்கோ." பாஸ் பண்ணின மகனுக்காகச் செபித்த தாய் என்று நினைத்து அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நான் தலையை ஆட்டினேன்.

பிறகு பைக்குள்ளிருந்து இன்னொன்றை எடுத்தான். ஒரு உறை. மண்ணிறப் பட்டி பழுத்துச் சுருங்கியிருந்தது. அதற்குக் குறுக்கே என் கையெழுத்து, நடுவில் ஒரு இடமும் உடையாமல், நான் போட்டபடியே இருந்தது. "இதுவும் உங்கடை கடை உறைதான். ஒட்டினபடி இருக்கு, என்ன எண்டு தெரியேல்லை" என்று சொல்லிக்கொண்டே மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து வெட்டினான். வெள்ளை மட்டையில், பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு, பதினெட்டு வயதில் அவனே அவனைப் பார்த்துச் சிரித்தான். அவனும் சிரித்தான். "இது அந்த அன்ட்ராக் படமெல்லோ. அப்பா அனுப்பவேயில்லையோ?"

சுவாமி போய்ச் சேர்ந்தபோது அக்கா உயிரோடு இல்லை. உறை அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அதை வாங்கிச் சூட்கேசில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அண்ணை பூசைக்கு வந்திருக்கிறார். அவர் சொன்னதெல்லாம் எனக்காகச் சொன்னது. பேப்பரைப் பார்த்துச் சிரித்ததும் அப்புவின் பல்லும் அவராக யோசித்து எடுத்தவை. ஒரு மனிதன் மனைவியின் செத்தவீட்டு நாளில், அவள் எதைச் சொல்லியிருப்பாள் என்று உட்கார்ந்து யோசித்து, அதைக் கொண்டுவந்து பிழை விட்டவனுக்குக் கொடுத்திருக்கிறார். இருபத்தைந்து வருடம் அந்த உண்மையோடு தனியே இருந்திருக்கிறார். நான் நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறேன். அவரைக் கேட்கவும் காலில் விழவும் இனி ஆள் இல்லை.

மகன் கறுப்பு மட்டையைத் திருப்பினான். "மாமா, இஞ்சை அம்மா ஏதோ எழுதியிருக்கிறா. எனக்குத் தமிழ் வாசிக்க ஏலாது. என்ன இருக்கு எண்டு சொல்லுங்கோ." ஆறு வயதில் வந்த பிள்ளை. ஆனா ஆவன்னாவோடு நின்றுபோன தமிழ். கண்ணாடியைத் தேடுகிறமாதிரி நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். முதல் வரி: முப்பத்தோராம் நாள் பூசை, கீழே ஒரு தேதி. செத்தவருக்கு வைக்கிற பூசை அது. இரண்டாவது வரி: என்ரை ராசா, நீ உயிரோடை இருக்கவேணும் எண்டுதானே அனுப்பினனான்.

இரண்டாவது வரியை உள்ளபடியே வாசித்தேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "மேலை என்ன இருக்கு?" என்று கேட்டான். "தேதி. படம் கையிலை கிடைச்ச தேதி" என்றேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன் அண்ணை எனக்குச் செய்ததை அவருடைய மகனுக்கு நான் செய்தேன் என்று என்னைத் தேற்றிக்கொள்ளலாம். அது முழு உண்மை இல்லை. பூசை என்ற சொல்லை வாசித்திருந்தால் அது ஏன் என்று கேட்டிருப்பான். மட்டையைத் தெரிந்தெடுத்தது யார் என்றும் கேட்டிருப்பான். அண்ணை இரக்கத்தால் பொய் சொன்னார். நான் பாதி இரக்கத்தாலும் பாதி பயத்தாலும் சொன்னேன்.

படத்தை வீட்டில் மாட்டவேண்டும், நல்ல மட்டையில் போட்டுத் தாருங்கள் என்றான். பழைய மட்டை மெழுகுபட்டுப் பழுதாகிவிட்டது, படத்தைக் கழற்றும்போது எழுத்தோடு கிழிந்துபோகும், எறியத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். அவன் நம்பினான். அடுத்த கிழமை இரண்டு படங்களையும் வெள்ளை மட்டையில் வாங்கிக்கொண்டு போனான். கறுப்பு மட்டை என் லாச்சிக்குள் போனது. எறிய முடியவில்லை. அவனுக்கென்று தாய் கடைசியாக எழுதிய வரி அதில்தான் இருக்கிறது. ஒரு தாயிடமிருந்து பிள்ளையை ஒரு தடவை பிரித்தேன், அந்தப் பிள்ளையிடமிருந்து தாயின் எழுத்தை இன்னொரு தடவை பிரித்திருக்கிறேன். இதை எழுதுகிற துணிவுகூட, அவன் தமிழ் வாசிக்கமாட்டான் என்பதால்தான் வந்தது.

போன கிழமை அவன் தன் மகளைக் கடவுச்சீட்டுப் படத்துக்குக் கூட்டி வந்தான். எட்டு வயது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறாள். இந்த நாட்டுக் கடவுச்சீட்டுப் படத்தில் சிரிக்கக் கூடாது. நான் சிரிக்கவேண்டாம் என்று சொன்னதும் உதட்டை மூடி, நாடியை நிமிர்த்தி, அப்படியே தகப்பன் மாதிரி இருந்தாள். இரண்டாம் தடவைதான் எனக்குப் படம் சரியாக வந்தது. தகப்பன் வெளியே கார் நிறுத்திய இடத்தைப் பார்க்கப் போன நேரத்தில், அவள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, சுவரில் தொங்கும் தமிழ்க் கலண்டரை விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். மாதத்தை வாசித்தாள், கிழமையை வாசித்தாள், நல்ல நேரத்தையும் வாசித்து முடித்தாள். ஒரு எழுத்திலும் தடக்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தாத்தா, வேறை வாசிக்க ஏதும் இருக்கோ?"

"இப்ப இல்லைப் பிள்ளை" என்றேன். கடைசி லாச்சியின் பிடி என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.